பயனற்றவை என்று எழுதியது யார்?

பங்குகளில் ஆண்டுதோறும் பொருள் கணக்கெடுப்பு நடக்கிறது. சுரூபங்கள், மெழுகுதிரித் தண்டுகள், நாற்காலிகள், ஒலிபெருக்கிப் பெட்டிகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வரும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், “கித்தார் - 2, பயனற்றவை” என்றொரு வரி பல இடங்களில் காணப்படும். மறு ஆண்டுக் குறிப்பேட்டில் அந்த வரியும் இராது. இடைப்பட்ட மாதங்களில் அவை பழைய சாமான் வாங்குபவரின் தள்ளுவண்டியில் ஏறியிருக்கும். அல்லது பாஸ்கா இரவில் புதுத் தீ மூட்ட அடுக்கிய விறகோடு விறகாய்ப் போயிருக்கும். அவை இருந்த இடத்தில், நன்கொடையாளர் பெயர் பொறித்த தகட்டுடன், புதிய கீபோர்டு ஒன்று துணி போர்த்தி வீற்றிருக்கும்.

“பயனற்றவை” என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு. அதை எழுதியவர் அக்கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாரா? தண்டி வளைந்திருக்கிறதா, குதிரை தூக்கிக்கொண்டதா, தந்தி துருப்பிடித்ததா என்று ஒருமுறையேனும் நோக்கினாரா? தூசு படிந்திருந்தது, தட்டினால் சுருதி கலைந்து ஒலித்தது, விலையோ ஆதியிலிருந்தே மலிவு. இம்மூன்றுமே தீர்ப்புக்குப் போதுமான சாட்சியங்கள் ஆகிவிட்டன. ஏழையின் வழக்கு இவ்வளவு விரைவில் முடிவது நமக்குப் புதிதன்று என்றாலும், கோவிலுக்குள்ளும் அவ்வாறே முடிய வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன்.

இக்கருவிகள் நம்மிடம் வந்த வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனுக்கு முதன்மை மதிப்பைக் கொடுத்துவிட்டு, வழிபாட்டுக்குப் பொருந்தக்கூடிய பிற கருவிகளுக்கும் தன் 120ஆம் எண்ணில் கதவைத் திறந்தது. திருப்பலி தமிழுக்கு வந்தது. பாடல்கள் தமிழில் பெருகின. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்து இளைஞர்கள் கையில் கித்தார் ஏறியது இக்காற்றில்தான். அவர்களில் பலர் தோல் ஷாப்பில் கூலிக்கு உழைத்தவர்களின் பிள்ளைகள். பின்னாளில் ஷூ கம்பெனிகளில் தாமே வேலைக்குப் போனவர்கள். வெளிநாட்டுக் கித்தாரைக் கண்ணால் கண்டவர்கள் கூட அவர்களில் அரியர். அவர்கள் வாங்கியவை கல்கத்தாவில் செய்யப்பட்டவை: கிப்டோன், கிவ்ஸன், ஹோப்னர். அமெரிக்கக் கிப்ஸனையும் ஜெர்மனியின் ஹோனரையும் நினைவூட்டும் அப்பெயர்களைக் கேட்டு இன்று சிலர் நகைக்கிறார்கள். நகைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரைக் கேட்டுக் கிறுகிறுத்துப்போன ஒரு தலைமுறைக்கு, கைக்கெட்டிய கருவி இதுவாகத்தான் இருந்தது. அக்கிறுகிறுப்பில் வாங்கிய கித்தாரையே ஞாயிறன்று பாடகர் மாடத்திற்கும் தூக்கி வந்தார்கள். சினிமாவுக்காக வாங்கியதைத் திருப்பலிக்குக் கொண்டுவந்தான் என்று அன்று அவனைக் கடிந்துகொண்ட பெரியவர்களும் உண்டு. எனக்கோ, அது ஒரு நல்ல காணிக்கையாகவே படுகிறது.

இனி, இக்கருவிகளுக்குக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வீணைக்கு வழங்கும் சொற்களையே இங்கும் கையாளுகிறேன். குடம், தண்டி, மெட்டு, குதிரை, பிருடை என்றால் நம் வாசகருக்கு விளங்கும். விலையுயர்ந்த கித்தாருக்கும் மலிவான கித்தாருக்கும் மரத்தில் வேறுபாடு உண்டு என்பது மெய்யே. ஆயினும், வாசிப்பவன் விரலில் உணரும் வேறுபாட்டின் பெரும்பகுதி மரத்தில் இல்லை. கடைசி இரண்டு மணி நேர வேலையில் இருக்கிறது. தந்தி தண்டியின் தலைப்புறத்தில் ஏறி அமரும் பட்டையில் அரம் கொண்டு பள்ளம் அறுப்பதும், குதிரைமேல் பட்டையின் உயரத்தைச் சீவி இறக்குவதும், மெட்டுகளின் தலைகளை ஒரே மட்டமாகத் தேய்ப்பதும் பெரும்பாலும் கையால் செய்யப்படும் வேலைகள். மலிவுக் கருவியில் மிச்சப்படுத்தப்படுவது அந்த மனித நேரமே. ஆகவே அது முடிக்கப்படாத கருவியாகவே கடைக்கு வருகிறது. முடிக்கப்படாமலேயே நம் பையன் கைக்கு வருகிறது. அவன் விரல் கிழிந்து அதைக் கீழே வைக்கிறான். நாம் “பயனற்றது” என்று எழுதுகிறோம்.

எண்களில் சொல்வதானால், பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரம் கனத்த தந்தியில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும் மெல்லிய தந்தியில் 2 மில்லிமீட்டரும் இருந்தால் கை நோகாது. சீர்செய்யப்படாத கித்தாரில் இது 4 மில்லிமீட்டரைத் தாண்டி நிற்பதைக் காணலாம். அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. “கருவி சுருதி நிற்கவில்லை” என்ற குற்றச்சாட்டின் பாதி இதுதான். குதிரையின் பட்டையை 1 மில்லிமீட்டர் சீவினால் பன்னிரண்டாம் மெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. எனவே 4 மில்லிமீட்டரை 3 ஆக்க 2 மில்லிமீட்டர் சீவ வேண்டும். பட்டையில் அவ்வளவு இடமில்லை என்றால் தண்டி குடத்தோடு சேரும் கோணத்தையே திருத்த வேண்டும். மலிவுக் கித்தார்களில் பலவற்றில் தண்டி திருகாணியால் பிணைக்கப்பட்டிருப்பதால், கழற்றி, மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் செருகிப் பூட்டினாலே போதும். பெருவிலைக் கித்தாரில் இதே வேலைக்கு ஆவி பிடித்து மூட்டைப் பிரிக்க வேண்டும். மலிவு இங்கே ஏழைக்குச் செய்திருக்கும் ஒரு நன்மை இது.

மெட்டுகளின் இடைவெளி பற்றியும் ஒரு சொல். பதினெட்டில் ஒரு பங்கு என்று மீண்டும் மீண்டும் கழித்துக்கொண்டே போய் மெட்டுகளை இடும் முறையை விளக்கியவர் வின்சென்சோ கலிலேயி. 1581இல் அச்சான அவரது இசைநூலில் அது இடம்பெற்றது. இவர் அறிஞர் கலிலேயோவின் தந்தையார். (மகனை நாம் நடத்திய விதத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) இன்றைய கைவினைஞர்கள் பதினெட்டுக்குப் பதிலாக 17.817 என்ற எண்ணைக் கொள்கிறார்கள். தலைப்பட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரையுள்ள தூரமும், அங்கிருந்து குதிரை வரையுள்ள தூரமும் சமமாக இருக்க வேண்டும். அழுத்தும்போது ஏறும் சுருதிக்கு ஈடாகக் குதிரை மேலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னே தள்ளி நிற்க வேண்டும். பழைய மலிவுக் கித்தார்களில் ஒரு வகை உண்டு: தந்திகள் குதிரையில் முடியாமல், குடத்தின் அடியில் பொருத்திய தகட்டில் போய் முடியும், குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தாலேயே நிற்கும். அந்தக் குதிரை யாருடைய முழங்கையோ பட்டு நகர்ந்துபோய்ப் பத்து ஆண்டுகளாக “சுருதி சேராத கித்தார்” என்று பெயரெடுத்துக் கிடக்கும். அளவுகோல் ஒன்றை எடுத்துக் குதிரையை உரிய இடத்துக்கு நகர்த்தக் கால் மணி நேரம் ஆகாது.

தந்தி மாற்றுவதிலும் நாம் இழைத்த கொடுமை சிறிதன்று. நைலான் தந்திக்கென்று செய்த கித்தாரில், ஓசை பெரிதாகக் கேட்க வேண்டுமென்று எஃகுத் தந்தியை மாட்டிவிடுகிறார்கள். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுத் தந்தி சாதாரணக் கனத்தில் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். முகப்புப் பலகை வயிறு பருத்து, குதிரை பிய்ந்து வந்துவிடுகிறது. பின்பு அதை “மட்டமான சரக்கு” என்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரை நாளும் பொழுதும் தோளில் சுமக்கச் சொன்னால் நம்மில் எவர் நிமிர்ந்து நிற்போம்? அதிலும் வேலூர்ப் பக்கத்துக் கோடையில், நாற்பது பாகையைக் கடக்கும் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே, தந்தியைத் தளர்த்தாமல் சுவரோடு சாய்த்துவிட்டுப் போகிறோம். தந்தியை அரைச் சுருதியேனும் இறக்கி, கூரைச் சூடு படாத சக்கிரீஸ்து அலமாரியில் வைக்க எவருக்கும் தோன்றுவதில்லை. பூசை உடுப்புகளுக்கு அந்துருண்டை போட நினைவிருக்கிறதே!

பழுது பார்க்க இங்கே ஆளில்லை, சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அடுத்துச் சொல்லப்படும் காரணம். அண்ணா சாலையில், 1842இல் மிஸ்கித் நிறுவனமாகத் தொடங்கி மியூசி மியூசிகல் என்ற பெயரில் நிலைத்த கடை இருக்கிறது, வேண்டியவர்கள் போகட்டும். ஆனால் ஆம்பூரில் இருந்துகொண்டு இவ்வேலைக்கு ஆளில்லை என்று சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. உலகெங்கும் போற்றப்பட்ட பழைய கித்தார்களின் மூட்டுகளைப் பிணைத்திருப்பது எது? தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் பசை. வச்சிரம் எதிலிருந்து காய்ச்சப்படுகிறது? தோலிலிருந்து. பதனிடுமுன் தோலில் இருந்து வழித்தெடுக்கும் சீவல்களும் ஓர வெட்டுகளுமே அதன் மூலப்பொருள். நம் ஊர்க் காற்றில் எந்த நாற்றத்துக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு பேருந்துச் சன்னலை அடைக்கிறார்களோ, அந்த நாற்றத்தின் உடன்பிறப்பு அமெரிக்காவின் பேர்பெற்ற மார்ட்டின் நிறுவனத்துப் பழங் கித்தார்களுக்குள் இருந்து கொண்டு இசையைத் தாங்கி நிற்கிறது. இன்றும் அந்நிறுவனம் தன் மிக உயர்ந்த படைப்புகளுக்கு அப்பசையையே திரும்பத் தேடிப் போயிருக்கிறது. தலைப்பட்டைக்கும் குதிரைப்பட்டைக்கும் பிளாஸ்டிக்கைவிடச் சிறந்த பொருள் மாட்டெலும்பு. அதையும் நாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

கைத்திறனோ கேட்கவே வேண்டாம். தோலின் கனத்தை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு வேறுபாட்டில் விரலால் உணர்பவர்கள், ஷூவின் மேல்தோல் ஓரத்தைக் காகிதம்போலச் சீவி மடிப்பவர்கள், நாள் முழுதும் பசையோடும் அழுத்தத்தோடும் பழகியவர்கள் இவ்வூர்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எலும்புப் பட்டையைச் சீவி இறக்க இதைவிட என்ன தகுதி வேண்டும்? தோலைத் தொட்டவன் கை தாழ்ந்த கை என்று நம் சமூகம் நெடுங்காலம் சொல்லி வந்தது. டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதி வெளியிட்ட ‘செபஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூல் மிருதங்கம் செய்யும் கைகளைப் பற்றியது. அக்கைகளில் பல நம் தலித் கிறிஸ்தவச் சகோதரர்களுடையவை. மேடையில் வாசித்தவர் பெயர் ஊரறிந்தது. கருவிக்கு நாதம் கொடுத்தவர் பெயரைக் கேட்க அத்தனை ஆண்டுகள் ஆயின. நம் பங்குகளிலும் இந்நிலைதான். கீபோர்டுக்குப் பணம் கொடுத்தவர் பெயருக்குத் தகடு உண்டு. அறுந்த தந்தியை முடிச்சிட்டு இருபது கிறிஸ்துமஸ் நள்ளிரவுகளை ஓட்டியவருக்கு எந்தத் தகடும் இல்லை.

பழுது பார்க்கிறேன் பேர்வழி என்று சிலர் செய்யும் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். குதிரை தூக்கிக்கொண்டால் அரால்டைட்டைக் குழைத்து அப்பிவிடுகிறார்கள். வச்சிரத்தின் அருமையே அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுப்பதுதான். ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர் பிரித்துச் சரிசெய்ய அது இடம் வைக்கிறது. அரால்டைட்டோ தனக்குப் பின் வருபவனுக்கு இடமே வைப்பதில்லை. அடுத்தமுறை பிரியும்போது பலகையையும் பிய்த்துக்கொண்டே வரும். ஃபெவிகால் இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்பது. பழைய பசையை முற்றும் சுரண்டி எடுத்துவிட்டு, இரவு முழுவதும் பிடிப்பானில் இறுக்கி வைத்தால் மலிவுக் கருவிக்கு அதுவே போதும். இன்னொரு கொடுமை வண்ணம் பூசுதல். திருவிழாவுக்குக் கொடிமரத்துக்குப் பூசிய எனாமல் மீந்துபோனால் கித்தாருக்கும் ஒரு கை! முகப்புப் பலகை அதிர வேண்டிய தோல். அதன்மேல் கனத்த பூச்சு ஏற ஏற அது ஊமையாகிறது. ஈரத்துணியால் துடைத்து, பிருடைப் பற்சக்கரங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, குடத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உள்ளே எந்தச் சட்டம் கழன்று கிறுகிறுக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதே செய்யத்தக்கது. பழமையின் கீறல்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

எதிர்ப்புறத்தில் வேறொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பழைய கித்தார் என்றாலே நாதம் கனிந்திருக்கும், வைனைப்போல வயது ஏற ஏறச் சுவை கூடும் என்று இவர்கள் பேசிப் பேசி விலையை ஏற்றுகிறார்கள். ஒற்றைப் பலகையால் ஆன முகப்பு காலத்தால் உலர்ந்து, பிசின் இறுகி, எடை குறைந்து, ஒலியில் மாறுவது உண்மைதான். நம்மிடமுள்ளவற்றில் பெரும்பாலானவை ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை நாற்பது ஆண்டு கிடந்தாலும் ஒட்டுப்பலகையே. எனினும் ஒட்டுப்பலகை என்பதாலேயே தள்ளவும் வேண்டாம். யமஹா நிறுவனம் 1966இல் வெளியிட்ட எஃப்.ஜி.180 என்ற மலிவுக் கித்தாரின் முகப்பும் ஒட்டுப்பலகையே. இன்று அதைத் தேடி அலைகிறார்கள். சிகாகோவின் ஹார்மனி நிறுவனத்தைத் தபால்வழி வணிகம் செய்த சியர்ஸ் 1916இல் வாங்கி, ஏழைகளுக்கென்று கித்தார்களைக் கொட்டிக் குவித்தது. கறுப்பினப் பாடகர் லெட் பெல்லி தம் பன்னிரு தந்திக் கித்தாராகக் கொண்டது மலிவுக்குப் பெயர்போன ஸ்டெல்லா. அக்கருவிகளின் முகப்புக்கு அடியில் சட்டங்கள் ஏணிப்படிகளைப்போலக் குறுக்கே கிடக்கும். உயர்வகைக் கித்தாரில் அவை பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். ஏணிச் சட்டத்தின் ஒலி ஆழம் குறைந்தது, வறண்டது, சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குவது. குறையாகச் சொல்லப்பட்ட அந்த ஒலியே ஒரு மக்களின் பாட்டுக்குக் குரலாயிற்று.

நம் மலிவுக் கித்தார்களின் ஒலியும் பெரும்பாலும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அதைக் குறை என்று சொல்பவர்கள் நம் கோவில்களின் கட்டடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. உயர்ந்த காங்கிரீட் கூரை, பளிங்குத் தரை, வெற்றுச் சுவர்கள். கைதட்டினால் ஒலி இரண்டு மூன்று நொடி சுழன்றுவிட்டே அடங்குகிறது. இதற்குள், விரலை எடுத்த பின்னும் நீண்டு நிற்கும் கீபோர்டின் வயலின் ஒலியை, நான்கு ஒலிபெருக்கிகள் வழியே பாய்ச்சுகிறோம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பதிலுரைப் பாடலில் ஒரு சொல் விளங்குகிறதா? சென்று அமர்ந்து கேட்டுப் பாருங்கள். உயிரெழுத்துகள் மட்டும் மிதந்து வரும், மெய்யெழுத்துகள் கரைந்துபோயிருக்கும். சட்டென்று அடங்கும் கித்தார், தாளத்தை மட்டும் நிறுத்திவிட்டுச் சொல்லுக்கு வழிவிடுகிறது. திருவழிபாட்டில் இசை இறைவாக்கின் பணிப்பெண் என்று குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்கள். பணிப்பெண் தலைவியின் வாயைப் பொத்தலாமோ?

கீபோர்டின் மீது எனக்குப் பகையில்லை. இசைப் பயிற்சி பெற்ற ஒருவர் பத்து விரலாலும் வாசித்தால் அது நல்ல கருவியே. என் சினம் அதிலுள்ள ஒரு பொத்தான்மீது. அதை அழுத்தியதும் தாளமும் பக்க இசையும் தாமே ஓடத் தொடங்குகின்றன. வாசிப்பவர் இடக்கையின் ஒரு விரலை வைத்திருந்தால் போதும். தவக்காலப் பாடலுக்கும் அதே துள்ளல். இரங்கற் திருப்பலிக்கும் அதே துள்ளல். 1958 செப்டம்பர் 3ஆம் நாள் உரோமைத் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட இசை பற்றிய போதனையில், தானியங்கி ஆர்கன், ஒலித்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி முதலியவை திருவழிபாட்டில் முற்றிலும் தடுக்கப்பட்டன. அது சங்கத்துக்கு முற்பட்ட ஆவணம். அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ஆயினும் அதை எழுதியவர்களுக்கு இருந்த கவலை நமக்கு இல்லாமல் போனது எப்படி? மனிதன் தன் மூச்சாலும் விரலாலும் செய்ய வேண்டிய ஒன்றை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அவன் பக்கத்தில் நின்று வாயசைப்பது வழிபாடாகுமா என்பதே அக்கவலை. மூன்று கித்தார்கள் இருந்த மாடத்தில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் கற்றுக்கொள்ள ஆறு சிறுவர்கள் நின்றார்கள். கீபோர்டு வந்த பிறகு அங்கே ஒருவர் இருக்கிறார். அவரும் பணிக்காக பெங்களூர் போய்விட்ட ஞாயிறுகளில், கைப்பேசியிலிருந்து பாட்டு ஒலிக்கிறது.

கித்தாரின் தகுதியை ஐயுறுவோர் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் சிற்றூரை எண்ணட்டும். 1818 டிசம்பர் 24 இரவு, அவ்வூர்த் துணைப் பங்குப் பணியாளர் ஜோசப் மோர், தாம் முன்பு எழுதிய பாடலை ஆசிரியர் குரூபரின் மெட்டில், தம் கித்தாரை மீட்டிப் பாடினார். இரண்டு குரல்கள், ஒரு பாடகர் குழு, ஒரு கித்தார். உலகமெங்கும் அமைதியின் இரவைப் பாடும் அப்பாடல் முதலில் ஒலித்தது இவ்வளவு எளிமையாகத்தான். எலிகள் ஆர்கனைக் கடித்துவிட்டன என்ற கதை பிற்காலத்தார் சேர்த்தது. மோரின் கித்தார் இன்றும் ஹால்லைன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய பங்குப் பேரவை அதைப் பயனற்றவை பட்டியலில் எழுதவில்லை போலும்.

அயல்நாட்டுக் கருவி என்ற எதிர்வாதத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. ஆர்மோனியம் பாரீசில் பிறந்தது. அதை அயலது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கியே வைத்தது. நம் கிராமத்துப் பசனைகள் அத்தடையைக் கண்டுகொண்டனவா? வயலின் இல்லாத கருநாடக இசையரங்கு எது? ஏன், அமெரிக்கக் கித்தார்களின் முதுகுப் பலகைக்கு 1969 முதல் மார்ட்டின் நிறுவனம் பெருமளவில் கொண்டது தென்னிந்திய ஈட்டி மரத்தை. நம் மலையின் மரம் அங்கே போய் இலட்சங்களுக்கு விலை போகிறது. நம் பிள்ளைக்கு மிஞ்சிய ஒட்டுப்பலகையையும் நாம் அயலது என்று வெளியே தள்ளுகிறோம். பறைக்கும் நாகசுரத்துக்கும் வீணைக்கும் வழிபாட்டில் இடம் வேண்டும் என்போர் கோரிக்கை நியாயமானது. அவற்றுக்கான இடத்தைக் கித்தார் அடைத்துக்கொண்டிருக்கவில்லை.

செலவு என்பார்கள். எஃகுத் தந்தித் தொகுதி ஒன்று, எலும்புத் துண்டு ஒன்று, கொஞ்சம் உப்புத்தாள், ஒரு கூடை பொறுமை. திருவிழாவின் ஓர் இரவு வாணவேடிக்கையில் நூறு கித்தார்களைச் சீராக்கலாம். தேவையற்றதைக் கண்ணுக்கு மறைவாகத் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்ற நினைப்புக்கு என்ன விலை என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு வேறெவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நம் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி வழங்கிய தீர்ப்பு நம் வட்டாரத்து வீடுகளில் எல்லாம் பேசப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சீ’ மடலை நாம் தியான உரைகளில் எடுத்துக்காட்டுகிறோம். எடுத்துக்காட்டிவிட்டு, கீழே இறங்கி வந்து, கித்தாரைப் பழைய சாமான்காரருக்குப் போடுகிறோம்.

எல்லாக் கித்தாரும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. தண்டி முறுக்கிக்கொண்டது, ஒட்டுப்பலகை அடுக்கடுக்காய்ப் பிரிந்தது, கறையான் புகுந்தது ஆகியவற்றைக் காப்பாற்ற முனைவது வீண். அவற்றின் பிருடைகளையும் தகட்டையும் கழற்றி மற்றவற்றுக்குக் கொடுக்கலாம். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் ஒரு பையனுக்குக் கருவி கிடைத்தது.

நவம்பர் 22 புனித செசிலியா திருநாள். பாடகர் குழுக்கள் அன்று பிரியாணியோடு கொண்டாடுவது வழக்கம். அதை நான் தடுப்பேனா? அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில் நான்கை மட்டும் கேட்கிறேன். பரணில் உள்ளவற்றை இறக்குங்கள். வீடுகளில் கட்டிலுக்கு அடியில் கிடப்பவற்றையும் கொண்டுவரச் சொல்லி அறிவிப்பில் சொல்லுங்கள். ஷூ கம்பெனியில் சீவல் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவரையும், தச்சர் ஒருவரையும், அந்த நாளில் மாடத்தில் வாசித்து இன்று நரைத்துவிட்ட அண்ணன் ஒருவரையும் அழைத்து, பங்கு மண்டபத்தில் ஒரு நீள மேசையைப் போட்டுக் கொடுங்கள். சிறுவர்கள் சுற்றி நின்று பார்க்கட்டும். வேலை முடிந்ததும் அவர்களுக்குரிய கூலியை எண்ணிக் கொடுத்துவிடுங்கள். “கோவிலுக்குத்தானே, சும்மா செய்துவிட்டுப் போங்கள்” என்று கைவேலைக்காரரிடம் மட்டும் சொல்லும் நம் வழக்கம் இந்த மேசைக்கு வர வேண்டாம்.